என் நாத்தனாரின் வலது பக்கம்

வயிற்றுச் சதையை வெட்டி எடுத்தது உண்மைதான் பத்மா, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாடி வீட்டு வங்காளி மாஷிமா உன்னிடம் சொன்னாளே, என் நாத்தனார் ஐம்பத்திரண்டு வயதில் அழகுக்காக ஆபரேஷன் செய்துகொண்டாள் என்று, அது பாதிக் கதை. மீதிப் பாதி அவளுக்குத் தெரியாது. கூடவே இருந்த எனக்குத்தான் தெரியும். அந்த மூங்கில் மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார். உன் ரவிக்கைக் கைக்கு ஓரம் அடிக்க ஐந்து நிமிடம் போதும், பேசிக்கொண்டே அடித்துவிடுவேன். சொந்த நாத்தனாரைப் பற்றி இப்படிப் பேசுகிறாளே என்று நினைக்காதே. அவளே சொல்லிவிட்டாள், "கேக்கறவங்ககிட்ட முழுசாவே சொல்லுங்க அண்ணி, பாதி சொன்னாத்தான் வம்பு" என்று.

என் மாமனார் காலத்திலேயே ரயில்வே வேலைக்காக இங்கே வந்துவிட்ட குடும்பம் இது. நான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி ஹௌராவில் வந்து இறங்கியபோது இவளுக்குப் பத்து வயது. இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். எனக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாது, வங்காளிக்கு எங்கே போவேன்? சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ். காய்கறிக்காரன் வந்தால் இவள்தான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். நான் தமிழில் பேரம் பேசுவேன், இவள் அதை வங்காளியில் அவனிடம் சொல்வாள். அவன் திட்டினால் அதை மட்டும் எனக்குச் சொல்லமாட்டாள். "என்னடி சொன்னான்?" என்றால், "உங்க பொடவை நல்லாருக்காம் அண்ணி" என்பாள். ஒரு வருஷம் நான் அதை நம்பினேன்.

அவள் தாவணி போட ஆரம்பித்தபோது முதல் ரவிக்கை தைத்துக் கொடுத்தது நான்தான். அதிலிருந்து இன்றுவரை வேறு ஒரு தையல்காரி அவள்மேல் கை வைத்ததில்லை. கல்யாண ரவிக்கை, சீமந்தத்துக்கு இரண்டு பக்கமும் பிரித்துவிட்டுத் தைத்த ரவிக்கை, புருஷன் போனபிறகு ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ள வெளிர் நிறத்தில் ஆறு ரவிக்கை, எல்லாம் என் கை. அவனும் ரயில்வேதான். வேலையில் இருக்கும்போதே போய்விட்டான், பாவம். அந்த வேலைக்குப் பதிலாக இவளுக்கு கார்டன் ரீச் பெரிய ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஒரே மகன். படித்து ஆளாகி இப்போது புனேயில் இருக்கிறான்.

என் தையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் மற்றது புரியும். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறேனே, அது வெறும் கௌரவத்துக்கு. அதிலிருக்கும் எண் ஒன்றும் எனக்குத் தெரியாது. அளவு ரவிக்கை கொண்டுவந்தால்தான் தைப்பேன். கச்சிதமாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். அதைத் துணிமேல் விரித்து, விரலால் தடவிப் பார்த்து, கத்திரியை ஓட்டுவேன். வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியின் அளவு ரவிக்கையும் இந்தத் தகரப் பெட்டியில் இருக்கிறது. என் நாத்தனாருடையது மெரூன் நிறம். பதினெட்டு வருஷம் அதை வைத்தே தைத்தேன். இன்னொன்றும் சொல்கிறேன், நாற்பது வருஷமாகத் தைக்கிறேன், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிற பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. உனக்கும் இடது பக்கம் ஒரு நூல் பெரிது. முறைக்காதே, எல்லோருக்கும் அப்படித்தான்.

அவளுக்கு வலது பக்கத்தில்தான் வந்தது. குளிக்கும்போது கையில் கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது. நல்லவேளை, அவள் ஆபீஸில் ஃபைல் பார்க்கிறவள், தள்ளிப்போடாமல் போய்க் காட்டினாள். புற்று என்றார்கள். அந்தப் பக்கத்தை முழுசாக எடுத்தார்கள். அப்புறம் மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, ரேடியேஷன் கரண்டு வைத்தார்கள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். முடி திரும்ப முளைத்தபோது சுருட்டையாக முளைத்தது. "இப்பத்தான் உனக்கு வங்காளி முடி வந்துருக்கு" என்று நான் கேலி செய்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, பிழைத்துவிட்டாள், இனி என்ன என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். அங்கேதான் நாங்கள் தப்புக் கணக்குப் போட்டோம்.

அவள் ஆபீஸுக்குத் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? வலது பக்கம் ரவிக்கை தொய்ந்து கிடந்தது. கடையில் விற்கிறார்களே ரப்பர் மாதிரி, அதை வாங்கிப் பார்த்தாள். இந்த ஊர் வேர்வையில் அரிப்பெடுத்துவிட்டது. "உனக்கு நான் செஞ்சு தரேன்டி" என்று மார்தட்டினேன். முதலில் பஞ்சு அடைத்து ஒரு திண்டு தைத்தேன். அதற்கு எடை இல்லை. மத்தியானத்துக்குள் தோளுக்கு ஏறிவிடும். அடுத்தது அரிசி. அதில் வண்டு வைத்தது. மூன்றாவதாகத்தான் கடுகு யோசனை வந்தது எனக்கு. கடுகு உருண்டை பார், கைக்குத் தகுந்தமாதிரி வழுக்கி நகரும், குனிந்தால் முன்னால் வரும், நிமிர்ந்தால் இறங்கும். மெல்லிய வாயில் துணியில் இரண்டு திண்டு தைத்தேன், மாற்றிப் போட்டுக்கொள்ள. எனக்கு என்ன பெருமை தெரியுமா! பெரிய எஞ்சினியர் மாதிரி நினைத்துக்கொண்டேன். அளவுக்கு அந்த மெரூன் ரவிக்கைதான். அதை வைத்து இரண்டு பக்கமும் பழையபடியே வெட்டித் தைத்தேன், உள்ளே திண்டை வைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதைத்தான் பின்னால் சொல்லப் போகிறேன்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு சனிக்கிழமை, சித்திரைக் கடைசி. இங்கே சாயங்காலத்தில் திடீரென்று வானம் கறுத்துப் பேய்க்காற்றோடு மழை கொட்டுமே, கால்போய்ஷாகி என்பார்கள், நீ இனிமேல்தான் பார்ப்பாய். அன்றைக்கு அவள் இங்கே வரும் வழியில் மாட்டிக்கொண்டாள். காளிகாட் மெட்ரோவிலிருந்து நம் சந்துக்கு நடந்து வருவதற்குள் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டாள். என் புடவையைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று அந்த நனைந்த திண்டை எங்கேயோ சுருட்டி ஒளித்துவிட்டாள். அப்புறம் பஜ்ஜி போட்டேன், பேச்சு, சிரிப்பு. போகும்போது முந்தானையைச் சுற்றிப் போர்த்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் இன்னொரு திண்டு இருக்கிறதே, இதை மறந்தே போனாள்.

புதன்கிழமை காலையில் தகரப் பெட்டிக்குப் பின்னால் விழுந்த கத்திரியை எடுக்கக் கையை விட்டேன். ஈரமாக என்னவோ நெளிந்தது. செத்த எலி என்று நினைத்து ஐயோ என்று கத்தினேன். இழுத்துப் பார்த்தால் திண்டு! கடுகு முளைவிட்டிருக்கிறது. துணியின் கண் ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளை வெள்ளையாகக் கால், வெளிச்சம் படாத மஞ்சளில் இரண்டிரண்டு இலை. குட்டி ஆட்டின் முதுகு மாதிரி சடையாக நிற்கிறது. அன்று சாயங்காலம் அவளை வரச்சொல்லி அதைத் தட்டில் வைத்து நீட்டினேன்.

அவள் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாரு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இது என் மேலயே முளைச்சிருந்தா? மீட்டிங்ல சார் முன்னாடி உக்காந்திருக்கேன், ரவிக்கையிலேருந்து எட்டிப் பாக்குது..."

"ரெண்டு நாள் தண்ணி ஊத்திருந்தா கீரை ஆஞ்சிருக்கலாம்டி" என்றேன் நான்.

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நான் நிறுத்திவிட்டேன், அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"முதல் ஆபரேஷன் பண்ணப்பவே டாக்டர் சொன்னாங்க அண்ணி. என் வயித்துச் சதையவே எடுத்து இங்க வெச்சுத் தைக்க முடியுமாம். எல்லாம் ஆறினப்புறம் கூடப் பண்ணிக்கலாமாம். நான் யாருகிட்டயும் சொல்லல. எனக்கு அதைப் பண்ணிக்கணும் அண்ணி."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரிடி என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த வாய் இருக்கிறதே, அது என்ன கேட்டது தெரியுமா? "ஐம்பத்திரண்டு வயசுல யாருக்குடி காட்டப் போற? பாக்க வேண்டியவன்தான் போய்ச் சேந்துட்டானே" என்று கேட்டது. கிண்டலாகத்தான் சொன்னேன் பத்மா, சத்தியமாகக் கிண்டலாகத்தான். அவள் எழுந்து அந்த முளைவிட்ட திண்டைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கமே வரவில்லை. நாற்பது வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

நாலாவது ஞாயிறு தூக்குச்சட்டியில் வத்தக்குழம்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி கார்டன் ரீச்சுக்கு நானே போனேன். கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். வெறும் வாங்க. அண்ணி என்ற வார்த்தையைக் காணோம். வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. "என் வாயில மண்ணப் போட" என்று நான் ஆரம்பித்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள்.

"ரெண்டு வருஷமா எனக்குத் தைக்கறீங்களே, ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. உண்மை அதுதான். முதல் ரவிக்கையிலிருந்து அவள் உடம்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் தைத்தவள் நான். ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த மெரூன் ரவிக்கையின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்து அளவெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பழைய அளவில் தைத்துக் கொடுத்துவிட்டு, அவள் எப்படியோ நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன்.

ரவிக்கையின் ஹூக்கைக் கழற்றிக் காட்டினாள். அக்குளுக்குக் கீழேயிருந்து நடு நெஞ்சுவரை ஒரே கோடு. துணி பற்றாமல் இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஓரத்தில் சுருக்கம் விழுமே, அந்த மாதிரி தோல். கரண்டு வைத்த இடம் கறுத்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். நான் தொட்டேன். அவள் இதயம் என் உள்ளங்கைக்கு நேராக அடித்தது, நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி.

"வியாதி போயிடுச்சு, போயிடுச்சுன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. தினம் காலைல குளிக்கப் போனா இங்க வந்து நிக்குது அண்ணி. யாருக்கும் காட்ட வேணாம் எனக்கு. ஒரு நாளாவது சோப்பு போடறப்ப இத நினைக்காம இருக்கணும். அவ்ளோதான்."

அண்ணி என்று சொல்லிவிட்டாள். நான் குழம்பைச் சுடவைக்கப் போனேன், அடுப்பு முன்னால் நின்று ஒரு மூச்சு அழுதேன், அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இங்கே வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் குதிக்கிறார். ஒரு ஆபரேஷனில் பிழைத்ததே பெரிசு, நன்றாக இருக்கிற வயிற்றை எதற்காகக் கிழிக்க வேண்டும், இந்த வயதில் அது எதற்கு என்று. தங்கைமேல் உயிர், அந்தப் பயம்தான் கோபமாக வருகிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் விடவில்லை.

"நீங்க எதுக்குப் பல்செட்டு கட்டினீங்க?"

"சோறு மெல்ல வேணாமா?"

"மெல்லறதுக்கு மட்டும்தானா? அப்ப சாப்ட்டு முடிச்சதும் கழட்டி வெச்சுட வேண்டியதுதானே. சந்து முனைல டீக்கடைல போய் அதோடயே எதுக்குச் சிரிக்கறீங்க?"

மனிதர் வாயை மூடினார். பல்செட்டோடுதான் மூடினார். அப்புறம் வெகுநேரம் கழித்து, "டாக்டர் நல்ல டாக்டரான்னு கேளு" என்றார். அவள் மகனும் புனேயிலிருந்து பத்து நாள் லீவு போட்டு வந்தான். நல்ல பிள்ளை. ஆனால் அம்மா இதைப் பேச எடுத்தாலே தரையைப் பார்த்துக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்பான். விளக்கமெல்லாம் கேட்டது நான்தான்.

டாக்டர் ஒரு வங்காளிப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கைத்தறிப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. என்னைப் பெரியம்மா முறையாக மாஷிமா என்றுதான் கூப்பிடுவாள். வியாதி திரும்பவில்லை என்று எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. வயிற்றில் குறுக்கே ஒரு பெரிய தழும்பு வரும், நெஞ்சில் தைத்த கோடு தெரியும், தொட்டால் பழைய உணர்ச்சி இருக்காது, சில சமயம் வைத்த சதை பிடிக்காமலே போய்விடலாம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தொப்புளுக்குக் கீழே இருக்கிற சதையை ரத்தக்குழாயோடு எடுத்து, நெஞ்சில் இருக்கிற ரத்தக்குழாயோடு சேர்த்துத் தைப்பார்களாம். முடியைவிட மெல்லிய நூலாம். அந்த ஊசியை ஒரு தடவை காட்டு என்று கேட்டேன், சிரித்தாளே தவிர காட்டவில்லை. இவளுக்கு வயிற்றில் சதை போதுமா என்று கிள்ளிப் பார்த்தபோது என் நாத்தனார், "இருபது வருஷமா தின்ன சந்தேஷ் ஸ்வீட் எல்லாம் இதுக்குத்தான் சேத்து வெச்சிருக்கேன்" என்று வங்காளியில் சொன்னாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். பையிலிருந்து அந்த மெரூன் ரவிக்கையை எடுத்து டாக்டர் மேஜையில் விரித்தேன். நான் தைத்தாலும் வேறு யார் தைத்தாலும் அளவு வேண்டுமே! என் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, மானத்த வாங்காதீங்க, அவங்க டாக்டர்." ஆனால் அந்தப் பெண் ரவிக்கையைத் தள்ளவில்லை. இரண்டு கையாலும் எடுத்து, உள்பக்கம் திருப்பி, நான் பிடித்திருந்த பிடிப்பை எல்லாம் பார்த்தாள். எத்தனை வருஷத்து ரவிக்கை என்று கேட்டாள். பதினெட்டு என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னதை என் நாத்தனார் எனக்குத் தமிழில் சொன்னாள்: இது பழைய ஆளோட அளவு மாஷிமா. இப்ப இருக்கறவங்களுக்கு இடது பக்கம் வயசோட இறங்கியிருக்கு, அதப் பாத்துத்தான் நான் வலது பக்கத்த வைக்கணும். அளவு அவங்க மேலயே இருக்கு.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நாற்பது வருஷம் தைத்தவள் நான், முப்பத்தைந்து வயதுப் பெண் எனக்கு அளவு சொல்லித் தருகிறாள். என்னால் சும்மா இருக்க முடியுமா? "நிக்க வெச்சு மட்டும் பாக்காத கண்ணு, உக்காத்தி வெச்சும் பாரு, ரெண்டும் வேறயா இருக்கும். அப்புறம், ரெண்டும் ஒண்ணா வரலைன்னு நீ கவலைப்படாத, எவளுக்கும் ஒண்ணா இருக்காது" என்று என் ஓட்டை வங்காளியில் சொன்னேன். ஆபரேஷன் அன்று காலையில் பேனாவால் கோடு போட வந்தவள், முதலில் நிற்க வைத்துக் கோடு போட்டாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார வைத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனவர்கள் வெளிச்சம் மங்கும்போதுதான் வெளியே கொண்டுவந்தார்கள். அப்புறம் நாலைந்து நாள் கண்ணாகக் காவல். மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து பேனா மாதிரி ஒரு மிஷினை புது மார்பின் மேல் வைப்பாள். உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். விஷ், விஷ், விஷ் என்று. கேட்டால் சரி, வைத்த சதை உயிரோடு இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் தடுப்புத் திரைக்கு வெளியே நிற்பார், தங்கையல்லவா, உள்ளே வரமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திரைப் பக்கம் நீட்டுவார். யார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். "பழைய நீராவி இஞ்சின் மாதிரி இருக்கு. நல்லாத்தான் ஓடுது" என்பார்.

இரண்டாம் நாள் மத்தியானம் நர்ஸ் வந்து மிஷினை வைத்தாள். சத்தம் இல்லை. கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். எங்கேயோ தூரத்தில் ஈ பறக்கிற மாதிரி கேட்டது, அதுவும் நின்றது. நர்ஸ் வேகமாக வெளியே போனாள். என் நாத்தனார் என்னைப் பார்த்தாள். "அண்ணி, போயிடுச்சா?" என்றாள். அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, அந்த நிமிடமே திரும்ப ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். போகும்போது என் நாத்தனார் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "போனா போகட்டும் அண்ணி. கேட்டேன்ல, எனக்கு வேணும்னு வாயத் திறந்து கேட்டேன்ல."

வராந்தாவில் எங்கள் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்காரவே இல்லை. "சத்தம் நின்னுடுச்சா, நின்னுடுச்சா" என்று அதையே கேட்டுக்கொண்டு நடந்தார். நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. காளிகாட் காளி, ஊரில் எங்கள் மாரியம்மன், சந்து முனை மசூதிப் பக்கம் திரும்பிக்கூட ஒரு கும்பிடு போட்டேன். மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வந்தாள். துளி ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருந்ததாம், எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்தாளாம். மறுபடி அந்த மிஷினை வைத்தார்கள். விஷ், விஷ், விஷ். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொண்டையைக் கனைக்கிற சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் மனிதர் பல்செட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு முகத்தைத் துண்டால் மூடி அழுகிறார்.

அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை. வயிற்றைக் குறுக்கே இழுத்துத் தைத்திருக்கிறார்களா, கொஞ்ச நாளைக்குக் குனிந்தேதான் நடந்தாள். "ஆபீஸ்ல எல்லாருக்கும் நான் வணக்கம் வெக்கறேன்னு நெனைப்பாங்க" என்பாள். ஒரு மாசம் இங்கேதான் என்னோடு இருந்தாள். தானே தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள், "தூங்கற ஆளத் தொடற மாதிரி இருக்கு அண்ணி. எழுப்ப முடியாது. ஆனா பக்கத்துல படுத்திருக்கு, போதும்." காம்பு இடத்தில் பச்சை குத்திக்கூடத் தருவார்களாம், நிஜம் மாதிரியே இருக்குமாம். வேண்டாம் என்றுவிட்டாள். நான்தான் கொஞ்சம் ஆசைப்பட்டேன், வேலை முழுசாக இருக்க வேண்டும் எனக்கு. அவள் திட்டினாள். வீக்கமெல்லாம் வடிந்த பிறகு அவளை இந்த ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, உட்கார வைத்து, கையாலேயே அளவெடுத்துப் புதிதாக ஒரு ரவிக்கை தைத்தேன். வலது பக்கம் அரை நூல் உயரம். இருந்துவிட்டுப் போகட்டும், அவள் முன்னாடி இடது பக்கம் உயரமாக இருந்தவள்தான்.

இவ்வளவும் போன வருஷக் கதை. போன மாசம் நடந்ததைக் கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு வங்காளிப் பெண்ணை இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். அந்தப் பெண்ணுக்கும் அதே வியாதி, இடது பக்கம், அடுத்த வாரம் ஆபரேஷன். அவளிடமும் எடுத்துவிட்டு உடனே புதிதாக வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் போல. பயத்தில் வாயே திறக்கவில்லை. டீயைக் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறாள், குடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போயிருந்தார், நல்லதாய்ப் போயிற்று.

"அண்ணி, கதவச் சாத்துங்க" என்றாள் என் நாத்தனார்.

சாத்தினேன். அவள் இதோ நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, முந்தானையை இறக்கி, ஹூக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தப் பெண்ணிடம் "தேக்கோ" என்றாள். பார் என்று. இந்தக் கோடு இதனால் வந்தது, இந்த இடம் முதலில் கறுப்பாக இருந்தது, இது என் வயிறு, இது என் சொந்தம் என்று கடையில் புடவை காட்டுகிற மாதிரிக் காட்டுகிறாள். அந்தப் பெண்ணின் விரலைத் தானே பிடித்து வலது பக்கம் வைத்தாள். அந்தப் பெண் விரலை எடுக்கவே இல்லை. வெதுவெதுப்பாக இருக்கிறதே என்றாள். அதுதான் அவள் பேசின முதல் வார்த்தை. அப்புறம் வலிக்குமா, எத்தனை நாளில் எழுந்து நடக்கலாம், தாம்பத்தியம் எல்லாம் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆறிப்போன டீயையும் குடித்தாள்.

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. ஆபீஸில் ஃபேன் ஓடாதது, மேலதிகாரி மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்குவது, அவர் மாதிரியே இவள் குறட்டை விட்டுக் காட்டுவது, அந்தப் பெண் சிரிப்பது. நான் இன்னொரு தடவை டீ போட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன், என் நாத்தனார் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறாள். முந்தானை மடியில் கிடக்கிறது, ஹூக்கு ஒன்றும் போடவில்லை. அரை மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் பத்மா! சனிக்கிழமை மழையில் நனைந்த திண்டை அண்ணன் கண்ணில் படாமல் ஒளித்தவள்.

"ஏன்டி, ஹூக்கு" என்றேன்.

குனிந்து பார்த்தாள். "அட, மறந்தே போச்சு அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு மேலதிகாரி கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள், ஹூக்கைப் போடாமலே. டீ டம்ளரோடு நான் அங்கேயே நின்று...

அடியே, குழாயில் சத்தம் கேட்கிறதா? நாலு மணித் தண்ணீர் விட்டுவிட்டான்! இந்தத் தண்ணீரை விட்டால் நாளைக் காலைவரைக்கும் கார்ப்பரேஷன்காரனைத் திட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எழுந்திரு, எழுந்திரு, உன் ரவிக்கை எங்கே ஓடிப்போகிறது. அந்தப் பெரிய வாளியை நீ எடு, குடத்தை நான் எடுக்கிறேன். மாடி மாஷிமா இறங்கி வருவதற்குள் போய்விடலாம்.